கண்புரை அறுவையும் அதன் கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்துப் பிள்ளைப்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. அது என் முன்னோர் ஊர். ஏரியும் ஏரிக்கீழ் நெல்வயலுமாக விளங்கிய அவ்வூர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயரால் நாடெங்கும் அறியப்படுகிறது. அங்கிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழில் வட்டாரத்தில் மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. அவ்வாலைகளில் பணிபுரியும் இளைஞர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பொருள் செய்தோம் என்பதோடு, அவற்றுள் எத்தனை சோதனையில் கழிந்தன என்பதையும் அன்றன்றே எழுதி வைக்கும் வழக்கத்தை அவர் உங்களுக்கு விளக்குவார். கழிவைக் கணக்கிடாத ஆலை நெடுநாள் நடவாது.

அதே வட்டாரத்து ஊர்களில், கண் மருத்துவமனையின் வண்டி வந்து முதியோரை ஏற்றிச் செல்வதையும், ஓரிரு நாளில் அவர்கள் ஒற்றைக் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோ கட்டோ அணிந்து திரும்புவதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். ‘கண்ணில் சதை வளர்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள்’ என்று அவர்கள் மிக எளிதாகச் சொல்வார்கள். அந்த எளிமை எங்கிருந்து வந்தது? கண்புரை அறுவையின் வரலாற்றைப் பற்றி இன்று நான் பேச விரும்புவதற்குக் காரணம் இக்கேள்வியே. கருவிகள் கூர்மையடைந்தமையால் வந்தது என்று பலரும் விடை கூறுவர். அது பாதி விடை. அறுத்த கண் பின்னர் என்ன ஆயிற்று என்று யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து பார்த்து எழுதி வைத்தமையாலும் வந்தது என்பது மற்றப் பாதி. இரண்டாவது பாதியைப் பற்றியே நான் மிகுதியாகப் பேசப் போகிறேன்.

முதலில் நோயைச் சிறிது அறிந்துகொள்வோம். நம் கண்ணின் பாவைக்குப் பின்னே, பளிங்குபோல் தெளிந்த ஒரு வில்லை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை லென்ஸ் என்பர். அதனை நுங்குக்கு ஒப்பிடுவேன். மெல்லிய தோலுக்குள் தெளிந்த சதை அடங்கிய நுங்கைப் போலவே, மெல்லிய உறைக்குள் தெளிந்த பொருள் அடங்கியதே அவ்வில்லை. முதுமையில் அத்தெளிவு குன்றி, வில்லை மங்கலாகி, பிறகு வெண்மையாகவோ பழுப்பாகவோ மாறுகிறது. இதுவே கண்புரை. வில்லை மங்கினால் ஒளி உட்புகாது. ஒளி புகாவிடின் விழித்திரையில் உருவம் விழாது.

இவ்வளவு தெளிவான செய்தியை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. பண்டை மருத்துவர் பலரும், தலையிலிருந்து ஏதோ ஒரு நீர் இறங்கிக் கண்ணில் உறைந்து படலமாகிறது என்றே கருதினர். ஆங்கிலச் சொல்லாகிய ‘கேட்டராக்ட்’ என்பதற்கு அருவி என்ற பொருளும் உண்டு. மேலிருந்து நீர் விழுகிறது என்ற பழைய எண்ணமே அப்பெயரில் தங்கிவிட்டது. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிஸ்ஸோ, புரை விழுந்த கண்ணோடு இறந்த ஒருவரது விழியை அறுத்துப் பார்த்து, மங்கியது படலமன்று, வில்லையே என்று காட்டினார். பாரிஸ் நகரத்து அறிஞர் அவை அதனை உடனே ஏற்கவில்லை. பழைய எண்ணங்கள் எங்கும் எளிதில் சாவதில்லை.

நோயின் காரணம் அறியாமலே அதற்கு அறுவை செய்தனர் என்பதுதான் வியப்பு. சுச்ருத சங்கிதையின் உத்தர தந்திரத்தில் அம்முறை விளக்கமாகக் காணப்படுகிறது. நோயாளியை எதிரே அமர்த்தி, கண்ணின் ஓரத்தில் குறித்த இடத்தில், வாற்கோதுமை முனை போன்ற கூருடைய சலாகையைச் செலுத்தி, பாவையை மறைக்கும் பொருளைத் தள்ளிவிட வேண்டும். பின்பு கண்ணில் நெய் தோய்ந்த பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம் முதலியவற்றை அடக்க வேண்டும். முதிராத புரையைத் தொடலாகாது என்றும், அறுவைக்குப் பின் கண் சிவந்து வலித்தால் இன்னது செய்க என்றும் அந்நூல் கூறுகிறது. கேடு வரக்கூடும் என்று முன்னரே அறிந்து, அதற்குப் பரிகாரமும் எழுதியவர் கண்ணைப் பலநாள் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவரும் கண் நோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்து, நயனவிதி என்னும் பெயரால் நூல்கள் செய்தனர்.

இம்முறையைப் புரை தள்ளுதல் என்று நாம் அழைக்கலாம். இதில் வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை என்பதை மறவாதீர்கள். கதவை மறைத்து நிற்கும் பெட்டியை வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் தள்ளிவிடுவது போன்றது இது. வழி திறந்துவிடும், பெட்டி உள்ளேயே கிடக்கும். வழி திறந்த அந்த நொடியில் நோயாளி காணும் வெளிச்சம் பெரிய மகிழ்ச்சி தருவது. ஆண்டுக்கணக்கில் இருளில் இருந்தவர், மருத்துவன் நீட்டிய விரல்களை எண்ணிச் சொல்வார். சுற்றி நிற்போர் கைகொட்டுவர். ஆயின் உள்ளே தள்ளப்பட்ட வில்லை சும்மா கிடப்பதில்லை. அதன் உறை கிழிந்தால் அழற்சி உண்டாகும். விழியின் உள்நீரோட்டம் தடைப்பட்டு அதனுள் அழுத்தம் ஏறும். ஊசி தூய்மையற்றதாயின் சீழ் பிடிக்கும். இவை அன்றே தோன்றுவன அல்ல. சில நாளிலும், சில திங்களிலும், சில ஆண்டிலும் தோன்றுவன. அதற்குள் மருத்துவன் எங்கோ சென்றிருப்பான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணவேண்டா. ஐரோப்பாவிலும் ஊர் ஊராகச் சுற்றிப் புரை தள்ளுவோர் இருந்தனர். அவர்களுள் பேர்போனவர் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர். நாற்குதிரை வண்டியில் ஆடம்பரமாக வந்து, சந்தையில் சொற்பொழிவாற்றி, அறுவை செய்து, கட்டவிழ்க்கும் நாளுக்கு முன்பே அடுத்த ஊருக்குப் போய்விடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். 1750இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், இசைப் பேரறிஞர் யோகான் செபாஸ்டியன் பாஹ் அவரிடம் இருமுறை கண்ணறுவை செய்துகொண்டார். பார்வை திரும்பவில்லை, உடல்நலமும் கெட்டது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் பாஹ் இறந்தார்.

அக்காலத்திலேயே வேறொரு பிரெஞ்சு மருத்துவர் வேறு வழியில் சென்றார். ழாக் தவியேல் என்பது அவர் பெயர். 1747ஆம் ஆண்டு, புரையைத் தள்ள முயன்று இயலாமற்போன ஒரு கண்ணில், கருவிழியின் கீழ்ப்பகுதியை வளைவாக அறுத்துத் திறந்து, வில்லையையே வெளியே எடுத்தார். பெட்டியை மூலையில் தள்ளாமல் வீட்டைவிட்டே அகற்றிய முதல் பெருமுயற்சி அது. ஆயினும் தவியேலின் பெருமை அறுவையோடு முடியவில்லை. அவர் பாரிசிலுள்ள அறுவை மருத்துவக் கழகத்துக்குத் தம் முறையை விளக்கியபோது, செய்தவை இத்தனை, பலித்தவை இத்தனை என்று எண்ணிக் கூறினார். பலிக்காதவை எத்தனை என்பதும் அதிலிருந்து விளங்கும் அல்லவா? இம்மரபுதான் மெல்ல மெல்ல நம் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது.

அது முதலில் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று தஞ்சை அரண்மனை. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த சரபோசி மன்னர், சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றவர், பன்மொழி அறிந்தவர், நூல்களைத் தேடித் தேடிச் சரசுவதி மகாலில் சேர்த்தவர். அவர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச் சாலையை நடத்தினார். உள்நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் அங்கே அருகருகே இருந்தன. அச்சாலையில் கண் மருத்துவம் பெற்ற நாற்பதுக்கு மேற்பட்டோரின் நோய்க் குறிப்பேடுகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களோடு கூடியவை. கண்புரை நோயாளிகளே அவற்றில் மிகுதி. ஒளிப்படக் கருவி இல்லாத காலத்தில், கண்ணைப் பார்த்துப் பார்த்து ஓவியன் தீட்டிய அப்படங்களை நினைக்கும்போது எனக்கு மிக்க மதிப்பு உண்டாகிறது. மன்னரே தம் கையால் அறுவை செய்தாரா, அல்லது மருத்துவரைக் கொண்டு செய்வித்தாரா என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அவ்வாதம் பெரிதாகத் தோன்றவில்லை. ஓர் ஏழைக் குடியானவனின் கண், வந்தபோது எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆயிற்று என்று ஓர் அரசர் எழுதி வைக்கச் செய்தாரே, அதுவே பெரிது.

சரபோசி ஆண்ட நாளிலேயே, 1819இல், சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினர். இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்து உலகிலேயே பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இராயப்பேட்டையில் தோன்றி, 1884இல் எழும்பூருக்கு மாறிய அம்மருத்துவமனையை, இப்போது ருக்மணி லட்சுமிபதி சாலை என்று பெயர் பெற்றுள்ள பழைய மார்ஷல் சாலையில் நீங்கள் காணலாம். நம் பிள்ளைப்பாக்கம் போன்ற செங்கற்பட்டுச் சீமை ஊர்களிலிருந்து கண் தெரியாதவர்கள் கட்டை வண்டியிலும், பிறகு புகைவண்டியிலும் அங்கே வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் பலர் முதன்முறையாக மருத்துவம் நாடி வந்தவரல்லர். ஊர்சுற்றும் புரை தள்ளுவோரிடம் முன்பே கண்ணைக் கொடுத்துவிட்டு, அது கெட்டபின் வந்தவர்கள். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது 1904 முதல் 1913 வரை, அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் இராபர்ட் ஹென்றி எலியட். கண்ணழுத்த நோய்க்கு அவர் கண்ட துளையறுவை உலகப் புகழ் பெற்றது. ஆனால் நான் இங்கே அவரை நினைவுகூர்வது வேறொரு காரியத்துக்காக. கெட்டு வந்த அக்கண்களை அவர் வெறுமனே பார்த்து வருந்தி அனுப்பிவிடவில்லை, எண்ணத் தொடங்கினார். 780 கண்களின் செய்தியைத் திரட்டினார். பயனற்றுப்போய் அகற்ற வேண்டியிருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட விழிகளை அறுத்து, உள்ளே தள்ளப்பட்ட வில்லை எங்கே கிடக்கிறது, என்ன கேடு விளைத்தது என்று ஆராய்ந்தார். 1917 பெப்ரவரியில் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதனைச் சொற்பொழிவுகளாக நிகழ்த்தி, நூலாகவும் வெளியிட்டார். நல்ல பார்வை நிலைத்த கண்கள் ஏறக்குறையப் பத்தில் ஒன்றே. மிகப் பெரும்பாலானவை தோல்வி என்பது அவர் கண்ட முடிவு.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். நீங்கள் கணக்குப் பயில்பவர்கள். எலியட்டின் கணக்கில் ஏதேனும் ஐயம் எழுகிறதா? மருத்துவமனைக்கு வந்தவர் யார்? கண் கெட்டவர். புரை தள்ளப்பெற்று நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் தம் வயலை விட்டு எழும்பூருக்கு ஏன் வரவேண்டும்? ஆகவே மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணுபவர் தோல்வியை மிகுதியாகவே காண்பார். ஊர்சுற்றும் மருத்துவனோ, அறுத்த அன்றே விரல்களை எண்ணச் செய்து கூலி பெற்றுப் போனமையால், வெற்றியை மட்டுமே கண்டான். இருவரும் பொய்யர் அல்லர். ஒருவர் கண்ட நாள் வேறு. மற்றவர் கண்ட நாள் வேறு. பத்தில் ஒன்று என்ற எண்ணை அப்படியே நாடெங்கும் பொருத்துவது சரியாகாது என்பதே என் கருத்து. ஆனால் அறுத்துப் பார்த்த விழிகள் கூறும் சான்றை அந்த ஐயம் தொடாது. கண்ணுக்குள் விடப்பட்ட வில்லை கண்ணை எவ்வாறு கெடுக்கிறது என்பதை அவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. எண்ணிக்கை தடுமாறும் இடத்தில் உடற்கூற்று ஆராய்ச்சி கைகொடுத்தது.

இதற்குள் அறுவை முறையும் வெகுதூரம் வந்துவிட்டது. 1884இல் வியன்னா நகரத்துக் கார்ல் கோலர், கொக்கேயின் நீர்த்துளிகளைக் கண்ணில் இட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டார். அதற்கு முன் நோயாளியைப் பிடித்துக்கொள்ள வலிய ஆட்கள் வேண்டியிருந்தது. லிஸ்டரின் கிருமித் தடுப்பு முறை சீழ்ப்பிடித்தலை வெகுவாகக் குறைத்தது. பஞ்சாபிலுள்ள ஜாலந்தரில் ஹென்றி ஸ்மித் என்னும் இராணுவ மருத்துவர், வில்லையை அதன் உறையோடு முழுமையாக வெளியே பிதுக்கி எடுக்கும் முறையைப் பல்லாயிரம் கண்களில் செய்து காட்டினார். உலகெங்குமிருந்து மருத்துவர் வந்து அதனைக் கற்றனர்.

நுங்கு உவமையை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். வில்லையை எடுக்க இரு வழிகள் உள்ளன. நுங்கைத் தோலோடு முழுதாகப் பெயர்த்தெடுப்பது ஒன்று. தோலின் முன்பக்கத்தை மட்டும் கிழித்துச் சதையை வழித்தெடுத்து, பின்தோலை அங்கேயே விட்டுவைப்பது மற்றொன்று. தவியேல் செய்தது இரண்டாவது. ஸ்மித் செய்தது முதலாவது. விட்டுவைத்த தோல் பின்னர் மங்கி மீண்டும் பார்வையை மறைத்தமையால், முழுதாக எடுப்பதே சிறந்தது என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எண்ணினர். 1961இல் போலந்து மருத்துவர் கிராவிச், கடுங்குளிரூட்டிய கோலை வில்லையில் ஒட்டி உறையச் செய்து இழுத்தெடுக்கும் வழி கண்டபின், அம்முறை இன்னும் எளிதாயிற்று. நம் நாட்டுக் கண் முகாம்களில் அப்போது நடந்தவையெல்லாம் பெரும்பாலும் இவ்வகை அறுவைகளே.

என் பாட்டியார்க்கு 1970களில் அத்தகைய முகாம் ஒன்றில் அறுவை நடந்தது. பள்ளிக்கூடக் கட்டடமே மருத்துவமனை. வகுப்பறையில் வரிசையாக விரித்த பாய்களே படுக்கை. தலையை அசைக்காமல் பலநாள் படுத்திருந்தார். கட்டவிழ்த்தபோது வெளிச்சம் தெரிந்தது. சில வாரங்களுக்குப் பின் தடித்த கண்ணாடி ஒன்று தந்தார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போலிருக்கும் அக்கண்ணாடியை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பர். வில்லையை எடுத்த கண்ணுக்கு வெளியே அத்தகைய கண்ணாடி இல்லாமல் உருவம் தெளியாது. ஆனால் அதனூடே பார்த்தால் யாவும் ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாகவும், அதனால் அருகில் இருப்பது போலவும் தோன்றும். பாட்டியார் செம்பிலிருந்து குவளைக்கு நீர் வார்த்தால் நீர் தரையில் விழும். நிலைப்படிகள் வளைந்து தெரியும். ஓரத்தில் வருபவர் தெரியமாட்டார். திடீரென்று எதிரே முளைத்தாற்போல் வந்து நிற்பார். ஒரு கண்ணில் அறுவை நடந்து மறு கண் ஓரளவு தெரிந்தால் துன்பம் இன்னும் மிகுதி. இரு கண்ணும் இரு அளவில் உருவம் காட்டுவதால் இணைத்துப் பார்க்க இயலாது. ஒருநாள் அக்கண்ணாடி கல்லில் விழுந்து உடைந்தது. மறு கண்ணாடி வரும்வரை பாட்டியார் மீண்டும் குருடரே. முகாம் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ‘வெற்றி’ என்றுதான் எழுதியிருப்பர். அது பொய்யன்று. அறுவை வெற்றி, கண் நலம். ஆனால் குவளையில் நீர் வார்ப்பதை எந்த ஏடும் அன்று கேட்கவில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி, பாட்டியாரின் அறுவைக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இலண்டனில் பிறந்துவிட்டது. அதன் பிறப்பிலும் நம் தொழில் வட்டாரத்து மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1940இல் இங்கிலாந்தைக் காக்க நடந்த வான்போரில், கார்டன் கிளீவர் என்னும் விமானியின் விமான மேற்கூடு குண்டுபட்டு நொறுங்கி, அதன் துண்டுகள் அவர் கண்களில் பாய்ந்தன. அக்கூடு கண்ணாடியால் ஆனதன்று. பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. அவ்விமானிக்கு மருத்துவம் செய்த ஹெரால்டு ரிட்லி, கண்ணுள் தங்கிவிட்ட அத்துண்டுகள் ஆண்டுக்கணக்கில் அழற்சி எதுவும் உண்டாக்காமல் இருப்பதைக் கவனித்தார். பின்னர் ஒருநாள் அவர் புரையை எடுப்பதைப் பார்த்து நின்ற மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்று வைக்கப் போவதில்லையா என்று கேட்டாராம். மாணவர் கேள்விகளை ஆசிரியர் அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? 1949 நவம்பர் 29ஆம் நாள், இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில், அதே அக்ரிலிக்கால் செய்த வில்லையை ரிட்லி ஒரு கண்ணுள் பொருத்தத் தொடங்கினார்.

உடனே உலகம் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வில்லையின் வலிமை மிகைப்பட்டுவிட்டது. நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. பிற்பட்ட சில கண்களில் வில்லை இடம் பெயர்ந்தது. கண்ணிலிருந்து அயற்பொருளை எடுப்பதே மருத்துவன் கடமை, இவரோ வைக்கிறாரே என்று பெரியவர்கள் கடிந்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. வில்லை இலேசாகி, அதன் வலிமையை முன்கூட்டியே அளக்கும் முறை தோன்றி, அதனைத் தாங்கப் பின்தோலை விட்டுவைக்க வேண்டும் என்று தெளிந்து, இவையெல்லாம் கூடிவர ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று. இவ்வாறு தவியேல் விட்டுவைத்த அந்தத் தோல், வில்லைக்கு இருக்கையாகி, மீண்டும் மதிப்புப் பெற்றது.

1967இல் அமெரிக்கரான சார்லசு கெல்மன், பல் மருத்துவரின் துப்புரவுக் கருவியைக் கண்டு எண்ணம் பெற்று, செவிக்கெட்டா ஒலியதிர்வால் வில்லையைக் கண்ணுள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் கருவியைச் செய்தார். இதனால் அறுவாய் மிகச் சிறிதாயிற்று. இன்று நகரங்களில் ‘பேக்கோ’ என்று சொல்லப்படுவது இதுவே.

ஆனால் விலை? ரிட்லியின் வில்லை செம்மையடைந்து வந்த காலத்தில், இறக்குமதியாகும் ஒரு வில்லைக்கு ஏறத்தாழ 100 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைப்பாக்கத்து உழவர் அதனை எண்ணியும் பார்த்திருக்க முடியாது. ஏழைக்குத் தடித்த கண்ணாடி, செல்வர்க்கு உள்வில்லை என்ற நிலை நிலைத்துவிடும் போல் இருந்தது. இங்கேதான் மதுரை நம் கதைக்குள் வருகிறது. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் விடாமுயற்சியால் கண்ணறுவை பயின்றவர்; அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் தொடர்பாக 1992இல் தோன்றிய ஆரோலேப் ஆலை, அதே உள்வில்லையை அதன் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய விலைக்குச் செய்து தந்தது. பின்னர் விலை இன்னும் இறங்கியது. நுண்ணிய பொருளைப் பிழையின்றி ஆயிரக்கணக்கில் செய்து, கழிவை எண்ணிக் கழிக்கும் ஆலை நெறி, இங்கே கண்ணுக்கே துணையாயிற்று.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒன்றை ஏழையின் கண்ணுள் வைத்துவிடலாமா? இக்கேள்வியை மதுரையார் தட்டிக்கழிக்கவில்லை. இரு கண்ணிலும் பார்வை குன்றிய 3400 பேரை, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குப் பழைய வழக்கப்படி வில்லையை முழுதாக எடுத்துத் தடித்த கண்ணாடி தந்தனர். மற்றவர்க்குத் தோலை விட்டுவைத்து உள்வில்லை பொருத்தினர். ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தனர். 1998இல் வெளியான அம்முடிவு, உள்வில்லை முறை நம் நாட்டுச் சூழலில் தீங்கற்றது என்று காட்டியது. நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. நடப்பது, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வது முதலிய அன்றாட வாழ்வைப் பற்றியும் கேட்டனர். உள்வில்லை பெற்றவர் நிலையே மேம்பட்டிருந்தது. பாட்டியாரின் குவளை, ஒருவழியாக ஏட்டில் ஏறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1994இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் தொடங்கிய கண்புரை ஒழிப்புத் திட்டமும் இத்திசையிலேயே சென்றது. பள்ளிக்கூட அறைகளில் அறுவை செய்வது மெல்ல மறைந்தது. முகாம் நோயைக் கண்டுபிடிக்கும் இடமாகவும், மருத்துவமனை அறுவை செய்யும் இடமாகவும் பிரிந்தன. ஊர் தேடி வரும் வண்டியின் பிறப்பு இதுவே. விலைமிக்க பேக்கோ கருவி இல்லாமலே, வெண்விழியில் சிறு சுரங்கம் போல் அறுவாய் அமைத்து, தையலின்றித் தானே மூடிக்கொள்ளும்படி செய்யும் சிற்றறுவாய் முறையும் நம் நாட்டில் பரவியது. முற்றிய, கல்லெனக் கடினமான புரையோடு வரும் கிராமத்து முதியோர்க்கு அதுவே பல இடங்களில் ஏற்றது. புனே நகரில் இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில் பார்வைப் பயன் ஏறக்குறைய நிகராகவே இருந்தது. பெரிய கருவிதான் நல்ல கண் தரும் என்ற எண்ணத்தை இது சற்று அசைத்தது.

பயனை அளக்க இப்போது பொதுவான ஓர் அளவுகோலும் உண்டு. அறுவைக்குப் பின், நோயாளி வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, நூற்றுக்கு எண்பது பேராவது 6/18 அல்லது அதனினும் மேலான பார்வை பெறவேண்டும். 6/60க்கும் கீழே நிற்பவர் ஐவருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. எல்லா இடமும் இதனை எட்டிவிடவில்லை. விட்டுவைத்த பின்தோல் சிலருக்கு மங்குவது இன்றும் உண்டு. லேசர் ஒளியால் அதில் சாளரம் திறக்கின்றனர். விழித்திரையிலோ நரம்பிலோ முன்பே நோய் இருந்தால் எவ்வளவு நேர்த்தியான அறுவையும் பார்வை தராது.

ஒரு தொல்லை மட்டும் எலியட் காலத்திலிருந்து மாறவில்லை. அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களுள் பலர், மறு சோதனைக்கு வருவதில்லை. நாற்று நடவோ, பேரன் பள்ளியோ, பேருந்துச் செலவோ ஏதோ ஒன்று தடுக்கும். வந்தவரை மட்டும் எண்ணி ‘நன்று’ என்று எழுதினால், வராதவர் கண் என்ன ஆயிற்று? நன்றாகத் தெரிவதால் வரவில்லையா, கெட்டு வெறுத்து வரவில்லையா? இதனை அறியவே பத்து நாடுகளைச் சேர்ந்த நாற்பது மருத்துவ நிலையங்கள் ஒன்றுகூடி ஓர் ஆய்வு நடத்தின. 2013இல் வெளியான அதில், தாமாக வந்தவரைச் சோதித்ததோடு நில்லாமல், வராதவரைத் தொலைபேசியில் அழைத்தனர். வண்டிச் செலவு கொடுத்தனர். அதற்கும் வராதவரின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கண்ணைச் சோதித்தனர். வீடு திரும்பும் முன் எல்லாரிடமும் எடுத்த பார்வை அளவும், தாமாகத் திரும்பி வந்தவரிடம் எடுத்த அளவும், ஒரு மருத்துவமனையின் அறுவைத் தரத்தை நம்பத்தக்க வகையில் காட்டுகின்றன என்று அவர்கள் கண்டனர். அதன்பின் பல மருத்துவமனைகளில், கட்டவிழ்த்த அன்று காலையிலேயே ஒவ்வொருவரையும் எழுத்துப் பலகையின் முன் நிறுத்திப் பார்வையைக் குறித்துக்கொண்டே அனுப்புகிறார்கள். எழுத்தறியாதவர்க்கு அப்பலகையில் ஆங்கில ‘ஈ’ எழுத்துப் போன்ற உருவம் மட்டும் பல பக்கமாகத் திரும்பியிருக்கும். அதன் கால்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.